மூன்றாவது வரி

பலகையில் மேல்வரி சிங்களம், காய்ந்துவிட்டது.
நடுவரி ஆங்கிலம், காய்ந்துகொண்டிருக்கிறது.
அடியில் ஒரு முழம் வெள்ளை.
"அதுக்குள்ள அடங்குற மாதிரி தமிழ்ல எழுதிக் குடு"
என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார் சின்னத்துரை.
எழுத்துக்கு அறுபது ரூபாய், பியதிஸ்ஸவுக்கு.
எனக்கு ஒன்றுமில்லை, நான் மாதச் சம்பளம்.

நடுவரியின் சொல் எனக்குப் பழக்கம்தான்.
செக்ரோல் எழுதும் ஜன்னலுக்கு வெளியே
ஹப்புத்தளையிலிருந்து வேன்கள் வந்து நிற்கும்.
மூட்டம் விலகும்.
யாராவது ஒருவர் வாயிலிருந்து அது விழும்.
தொப்பிக்காரர் மெக்னிஃபிசென்ட் என்பார்.
பாரிஸ் பெண் மூக்கால் மன்யிஃபீக்.
இத்தாலிக்காரர்கள் இரண்டு கையையும் விரித்து மன்யீஃபிகோ.
ஸ்பெயினிலிருந்து வந்த கிழவருக்கு
நடுவில் ஒரு 'க்' தடுக்கியது: மக்னீஃபிகோ.
ஒரே பீலியில்
ஆளுக்கொரு குடம்.

நம் பீலியில் நான் பிடித்துப் பார்த்தேன்.

மகத்தான:
தொழிற்சங்கச் சுவரில் மே மாதம் ஏறும்,
ஜூனில் ஆடு தின்னும்.
பிரம்மாண்டமான:
பண்டாரவளைத் தியேட்டரின் பசை
இன்னும் அதில் காயவில்லை.
கம்பீரமானதற்கு மீசை வேண்டும்.
மாட்சிமை தங்கிய என்பதை
அப்பாவின் பெட்டியில் ஒரு மனுவின் தலையில் பார்த்திருக்கிறேன்.
பிரஜாவுரிமை கேட்ட மனு.
நகல் மட்டும் இருக்கிறது.

கொழுந்து நிறுக்க வந்த அங்கம்மாவிடம் கேட்டேன்:
மூட்டம் விலகி அந்தப் பக்கமெல்லாம் பளிச்சென்று தெரியும்போது
மலையில் நீங்க என்ன சொல்லுவீங்க?

"கங்காணி வர்றான்னு சொல்லுவோம்."

கடைசியில் மேன்மை என்று முடிவு செய்தேன்.
மேன்மையான மலை.
ஏழு எழுத்து, நானூற்று இருபது ரூபாய்.
ரூல் போட்ட தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.
பியதிஸ்ஸவுக்குத் தமிழ் படமாகத்தான் தெரியும்,
கோழியை வரைவதுபோல் வரைவார்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
இந்தப் புள்ளிக்கு, இந்தக் கொம்புக்கு,
கொம்புத் தலையில் இருக்கிற இந்தச் சுழிக்கு
தனிக் காசா என்று கேட்டார்.
சின்னத்துரை சிரித்து, இல்லை என்றார்.

சனிக்கிழமை பலகை நட்டார்கள்.
புள்ளி இருந்தது. கொம்பு இருந்தது.
சுழி இல்லை.

மென்மையான மலை.

பியதிஸ்ஸ தூரிகையைக் கழுவியிருந்தார்.
"மிஸ், இத்துனூண்டுதானே" என்று
மிச்சப் பெயின்ட் டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
ஒருவரும் புகார் சொல்லவில்லை.
வேனில் வருகிறவர்களுக்கு நடுவரி போதும்.
கூடையோடு போகிறவர்களுக்கு
பலகை ஒரு திருப்பம், அவ்வளவுதான்.
அங்கம்மா மட்டும் நின்று எழுத்துக்கூட்டினாள்.
குதிகாலால் பாதையோரத்தை ஒரு அழுத்து அழுத்தினாள்,
கணுக்கால் வரை போனது.
"சரியாத்தானே எழுதியிருக்கு."

அது ஐப்பசி.
பணிய லயத்துக்குப் பின்னால்
விரல் நுழையும் வெடிப்பு இருந்தது.
தீபாவளிக்குக் கை நுழைந்தது.
கான்கள் வழக்கமான பக்கம் ஓடவில்லை.
பதுளையிலிருந்து டேப்போடு வந்தவர்கள்
தகரத்தில் சிவப்பாக ஒன்று அடித்துவிட்டுப் போனார்கள்.
அதிலும் மூன்றாவது வரி தமிழ்,
ஒரு சுழி குறையவில்லை.

பதினேழு குடும்பம் இப்போது பள்ளிக்கூடத்தில்.
செக்ரோலில் அவர்கள் பெயர்களுக்கு நேராக
என்ன குறி போடுவதென்று துரை இன்னும் சொல்லவில்லை.
பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறேன்.

மேசை இழுப்பறையில் டப்பா இருக்கிறது.
ஒரு எட்டு வெளியே போனால்,
ஸ்டூல் போட்டு ஏறினால், ஒரே வளைவு,
மலை மேன்மையாகிவிடும்.

மூட்டம் விலகுகிறது.
வேன் கதவு திறக்கும் சத்தம்.
ஜன்னலைச் சாத்துகிறேன், குளிர்.
பெயின்ட் மேலே ஆடை கட்டியிருக்கும் இந்நேரம்.